ஆறு ஐம்பதுக்கு எடுக்க வேண்டிய மீன்

என் கணவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு புதன்கிழமையும் மாலை ஆறு இருபதுக்கு ஃபிரிட்ஜ் மேலிருந்து என்னிடம் பேசுகிறார்.

"ஓவனைப் போடு. இருநூறுல வை. பதட்டப்படாத, நேரம் நிறைய இருக்கு."

பேய் பிசாசு என்று யாரும் பயந்துவிட வேண்டாம். அது அவருடைய பழைய போன். அவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் வேலையில் இருந்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை மிதித்தே வாழ்நாளைக் கழித்ததால் ஊரெல்லாம் அவருக்குப் பிரேக் சார் என்றுதான் பெயர். மற்ற நாட்களில் ஐந்து மணிக்கே வந்துவிடுவார், சமையலும் அவரே. புதன்கிழமை மட்டும் கடைசி வகுப்பு முடிந்து வர ஏழு ஆகும். அன்றைக்கு அடுப்பு என் பொறுப்பு.

என் வேலை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேசுவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. கூட்டங்கள், விசாரணைகள், டாக்டர்கள் முணுமுணுக்கும் குறிப்புகள், எல்லாம் வரும். ஹெட்போனை மாட்டிவிட்டால் வீடே இடிந்து விழுந்தாலும் எனக்குத் தெரியாது. ஒரு மாதத்தில் இரண்டு தடவை சால்மன் மீனை ஓவனில் வைத்துவிட்டு மறந்து கரிக்கட்டையாக எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே காரிலேயே உட்கார்ந்து மூன்று செய்திகளைத் தன் குரலில் பதிவு செய்து, புதன்தோறும் ஒலிக்கும்படி வைத்து, ஃபிரிட்ஜ் மேல் சார்ஜரில் மாட்டிவிட்டார். ஹெட்போனையும் மீறிக் கேட்கிற அளவுக்குச் சத்தம். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களிடம் பேசுகிற அதே குரல், அதே பொறுமை. எனக்கு எரிச்சலாக வரும்.

ஆறு முப்பத்தைந்துக்கு இரண்டாவது: "மீனை உள்ள வை. தோல் கீழ பாத்து இருக்கணும்."

ஆறு ஐம்பதுக்கு மூன்றாவது: "எடு, எடு, எடு. நான் வந்துக்கிட்டே இருக்கேன், கருகல் ராணி."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கொல்கிறது. பின்னணியில் காரின் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிப்பது கேட்கும். எங்கேயோ திரும்பப் போகிறவர்போல. குரல் நின்ற பிறகும் மூன்று தடவை அது அடிக்கும்.

போனுக்குப் பூட்டு எண் போட்டிருக்கிறார், எனக்குத் தெரியாது. சார்ஜரைப் பிடுங்கினால் ஒரே நாளில் அடங்கிவிடும். என் நாத்தனாரும் அதைத்தான் சொன்னாள். "அண்ணி, அதைக் கழட்டிப் போடுங்க. செத்துப் போன அண்ணன் வாராவாரம் வந்துக்கிட்டே இருக்கேன்னா மனுஷிக்குப் பைத்தியம் பிடிக்காதா?" எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, போனைக் கழற்றவும் மனம் வரவில்லை. அவர் சொன்ன நேரத்தில் ஓவனைப் போட்டு, சொன்ன நேரத்தில் மீனை வைத்து, சொன்ன நேரத்தில் எடுக்கிறேன். இரண்டு துண்டு, இரண்டு தட்டு. பிறகு அவர் வருவதற்காகக் காத்திருக்கிறேன். இதை நாத்தனாரிடம் சொல்லவில்லை.

அவளிடம் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது.

அவர் இறந்துபோன அந்தப் புதன்கிழமை, சரியாக ஏழு மணிக்கு, கூரையில் சிவப்புப் பலகை வைத்த அந்தப் பயிற்சிக் கார் எங்கள் கட்டடத்து வாசலில் வந்து நின்றதை நான் பார்த்தேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. கடைசி வகுப்புக்காரர் எங்கள் வாசல்வரை ஓட்டிவந்து நிறுத்துவது வழக்கம். இறங்குவதற்குமுன் இவர் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் காருக்குள்ளேயே உட்கார்ந்து அன்றைய தப்புகளை விளக்கிக்கொண்டிருப்பார். அன்றைக்கு மீன் அற்புதமாக வந்திருந்தது. மேலே செக்கச்செவேலென்று பொருக்கு, உள்ளே பஞ்சு. அதை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன், இவர் கீழே பாடம் நடத்துகிறார். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. ஜன்னலைத் திறந்து தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"வர்றதா இருந்தா வாங்க, இல்லேன்னா அந்தக் கார்லயே கிடங்க!"

கார் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கிளம்பிப் போய்விட்டது. இன்னொரு சுற்றுப் போகிறார் என்று நினைத்தேன். கோபத்தில் உட்கார்ந்து என் துண்டைத் தின்றேன், போதாதென்று அவர் துண்டிலும் பாதியைத் தின்றேன். ஏழு நாற்பதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

காரை ஓட்டி வந்தவர் கொடுத்த வாக்குமூலத்தைப் போலீஸில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். வகுப்பு முடியும் நேரத்தில், சாலையில் திடீரென்று மயங்கிவிட்டார், நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். எங்கள் வாசலில் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருக்கலாம். கேட்டால், 'உங்களுக்கெப்படித் தெரியும்?' என்பார்கள். நான் என்ன கத்தினேன் என்பதைச் சொல்ல வேண்டிவரும்.

சின்ன வயதில் எனக்குக் கருநாக்கு என்று சித்தி சொல்வாள், நான் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்தக் காரிலேயே கிட என்றேன், கிடந்தார். எட்டு மாதமாக எனக்கு ஒரே கேள்வி. கார் கீழே நின்றபோது அவருக்கு உயிர் இருந்ததா? நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா? நாள் முழுக்க மற்றவர் பேச்சைக் கேட்டுப் பிழைக்கிற எனக்கு, என் பேச்சை அவர் கேட்டாரா என்பது மட்டும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைத் திட்டவே இல்லை. அவர் குரல் கேட்டால் "சரிங்க" என்கிறேன். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

இதற்கு நடுவே லிஃப்ட் ஆரம்பித்தது.

எங்கள் மாடியில் இரண்டே வீடு. எதிர் வீடு பூட்டிக் கிடக்கிறது. நான்கு வாரத்துக்கு முன்னால், புதன்கிழமை ஏழு மணிக்கு, லிஃப்ட் மேலே வந்து எங்கள் மாடியில் நின்றது. கதவு திறந்தது. காலடிச் சத்தம் இல்லை. யாரும் மணி அடிக்கவில்லை. ஒரு நிமிடம் போல ஆனதும் கதவு மூடிக்கொண்டு கீழே போனது. அடுத்த புதனும் அப்படியே. அதற்கடுத்த புதனும். நான் கதவுக்கு இந்தப் பக்கம், கையில் தட்டோடு, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். திறந்து பார்க்கத் தைரியமில்லை. வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொன்னவர் வந்துவிட்டார், நான் அப்படிக் கத்தியதால் உள்ளே வராமல் திரும்பிப் போகிறார் என்றே நம்பினேன். படித்தவள்தான். இருந்தாலும் நம்பினேன்.

ஐந்தாவது புதனன்று முடிவு செய்துவிட்டேன். பேயோ, புருஷனோ, கதவைத் திறந்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டியது.

அன்றைக்கு ஐந்தரைக்கே ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். மசாலா ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சின்னக் கரண்டியால் மிளகாய்த்தூள் இரண்டு, சீரகத்தூள் ஒன்று, மல்லித்தூள் ஒன்று, கொஞ்சம் பூண்டுப்பொடி, மிளகு, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. சர்க்கரைதான் சூட்டில் உருகிப் பொருக்காகும், முதலில் கருகுவதும் அதுதான். மீனின் ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மசாலா சேறாகிவிடும். எண்ணெயைத் தடவி, மசாலாவைத் தூவி, விரலால் அழுத்தித் தேய்த்தேன். ஒரு துண்டில் உப்பைப் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, நாக்கில் தொட்டுப் பார்த்தேன். பச்சை மீன். குமட்டியது.

"ஓவனைப் போடு. இருநூறுல வை."

"சரிங்க."

"மீனை உள்ள வை. தோல் கீழ பாத்து இருக்கணும்."

"சரிங்க, கீழதான் இருக்கு."

பதினைந்து நிமிடமும் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே விளக்கு மஞ்சளாக எரிந்தது. கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் அடுக்களை வாசல் தெரிந்தது, அங்கே யாரோ நிற்பதுபோல ஒரு நிழல். திரும்பிப் பார்த்தால் கதவில் மாட்டியிருந்த அவருடைய மழைக்கோட்டு. எட்டு மாதமாக அங்கேதான் தொங்குகிறது.

"எடு, எடு, எடு. நான் வந்துக்கிட்டே இருக்கேன், கருகல் ராணி."

டிக். டிக். டிக்.

எடுத்தேன். முள்கரண்டியால் ஓரத்தைத் தொட்டால் இதழ் இதழாகப் பிரிந்தது. எலுமிச்சை பிழிந்தேன். இரண்டு தட்டிலும் வைத்தேன். முள்கரண்டியும் கையுமாகப் போய்க் கதவருகே நின்றேன். ஏழு மணிக்கு லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது. கதவு திறந்தது.

நானும் திறந்தேன்.

லிஃப்டுக்குள் ஒரு பெண் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கைப்பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் பொத்தானை அழுத்தப் போனார். நான் முள்கரண்டியை லிஃப்ட் கதவுக்கு நடுவே நீட்டிவிட்டேன். அவருக்கு அது கத்தி மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

"யாருங்க நீங்க? வாராவாரம் இங்க என்ன வேலை?"

"நான்… மருந்துக்கடை வச்சிருக்கேங்க. சார்கிட்ட கார் பழகினேன். புதன்கிழமை கடைசி வகுப்பு."

பயம் போன இடத்தில் வெட்கமும் கோபமும் வந்தன. நான்கு வாரம் ஒரு மருந்துக்கடைக்கார அம்மாவுக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். அதைவிட, வந்தது அவர் இல்லையே என்ற ஏமாற்றம்தான் பெரிது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

"உள்ள வாங்க" என்றேன்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டையும் பார்த்ததும் அவர் தயங்கினார். "யாராவது வர்றாங்களா?"

"நீங்கதான் வந்துட்டீங்களே. உக்காருங்க."

உட்கார்ந்தார். பையை மடியிலிருந்து இறக்கவில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை.

"அன்னைக்கு உங்க கார் இங்க வாசல்ல வந்து நின்னுச்சு. நான் பாத்தேன். நீங்க போலீஸ்ல அதைச் சொல்லல. அப்ப அவருக்கு உயிர் இருந்துச்சா?"

"இல்லைங்க" என்றார். "அப்பவே போயிட்டார். எதுவுமே அவருக்குக் கேட்டிருக்காதுங்க."

என் தொழிலில் ஒன்று தெரிந்துகொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்கிறவர்கள் திணறுவார்கள். பொய் சொல்கிறவர்கள், கேள்வி முடிவதற்குள் பதிலை எடுத்து வைத்துவிடுவார்கள். அதுவும் போக, காதில் விழுந்ததா என்று நான் இன்னும் கேட்கவே இல்லை.

"என்ன கேட்டிருக்காது?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மூன்று வினாடிக்கு மேல் பேச்சில்லாமல் போனால் அதை நாங்கள் தட்டச்சில் குறித்தாக வேண்டும். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினொன்று.

"அம்மா" என்றேன். "உங்களைக் குத்தம் சொல்ல நான் கூப்பிடல. எட்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. பொய் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தணும்னு நெனைக்காதீங்க. அது நிக்காது."

அவர் பையை இறக்கித் தரையில் வைத்தார்.

"பாலம் தாண்டினதும் நெஞ்சை நீவிக்கிட்டாருங்க. வாயுத்தொல்லைன்னார், வீட்டுக்குப் போனா சரியாயிடும்னார். நான் மருந்துக்கடைக்காரி, எனக்கில்ல தெரிஞ்சிருக்கணும்? சட்டை நனைஞ்சு போயிருந்துச்சு. என் புத்தி முழுக்க கியர்லயே இருந்துச்சு. இங்க வந்து நிறுத்தினேன். கதவைத் திறக்கக் கை வச்சவர் அப்படியே சாஞ்சுட்டார். நான் மேல ஓடிப் போய் உங்களைக் கூட்டிட்டு வர்றேன்னு பெல்ட்டைக் கழட்டினேன். அப்பத்தான் நீங்க ஜன்னலைத் திறந்தீங்க."

"கத்தினேன்."

"ஆமாங்க."

"என்ன கத்தினேன்னு உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. கார் கண்ணாடி இறக்கித்தான் இருந்துச்சு."

"அவருக்கு?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அவருக்கும் கேட்டுச்சு."

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. எனக்கு வேண்டிய பதில் வேண்டாத பதிலாக வந்துவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏதாவது சொன்னாரா? சொன்னா, சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

"சிரிச்சாருங்க."

"என்னது?"

"வலியோடதான். ஆனா சிரிச்சார். 'கேட்டீங்களா, திட்டுறா. அப்ப மீன் நல்லா வந்திருக்கு. கருகிப் போச்சுன்னா அவகிட்டருந்து சத்தமே வராது'ன்னார். அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'மேல போகாதீங்க. தெரிஞ்சா மூணு மாடியும் விழுந்தடிச்சு ஓடி வருவா, பயந்துருவா. வண்டிய எடுங்க, ஆஸ்பத்திரி ஆறு நிமிஷம்தான்'னார்."

என் கணவர் சொன்னது சரிதான். கருகிய இரண்டு தடவையும் நான் ஊமையாகத்தான் இருந்தேன். இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்து என்னை இப்படிப் படித்து வைத்திருக்கிறார், அது எனக்கே தெரியாது.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் அவர் பேசவே இல்லைங்க." அந்த அம்மாவின் உதடு கோணியது. "முதல் வகுப்புலயே எங்ககிட்டச் சொல்லிடுவார். நான் வாயைத் திறக்கலைன்னா நீங்க சரியா ஓட்டுறீங்கன்னு அர்த்தம், திரும்பித் திரும்பி என் மூஞ்சியப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்கன்னு. நான் ரோட்டையே பாத்தேன். ஆறு நிமிஷமும் அவர் ஒண்ணும் சொல்லல. ஒரு சிக்னல்லகூட வண்டி ஆஃப் ஆகல. நல்லா ஓட்டுறேன் போலிருக்குன்னு நெனச்சேங்க. ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிறுத்திட்டு, 'சார், எப்படி ஓட்டினேன்?'னு கேட்டுக்கிட்டே திரும்பினேன்."

அவர் அழுதார். குழந்தைகள் அழுவதுபோல, முகத்தை மூடாமல் அழுதார். வாசலில் நின்றதை எழுதினால், ஏன் மேலே போய்க் கூப்பிடவில்லை என்று கேட்பார்கள், சார் சொன்னதைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று பயந்து விட்டுவிட்டாராம். அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொடவில்லையாம். இந்த நான்கு வாரமாகத்தான் புதன்கிழமை கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு இங்கே வந்து, லிஃப்டில் ஏறி, மாடியில் நின்று, தைரியம் வராமல் திரும்பிப் போயிருக்கிறார்.

நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். "நீங்க சரியாத்தான் ஓட்டியிருக்கீங்க" என்றேன். "சரியில்லைன்னா அந்த மனுஷன் செத்துக்கிட்டே இருந்தாலும் சொல்லிருப்பார். எனக்குத் தெரியும்." சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, அதுதான் நிஜம். "சாப்பிடுங்க. ஆறிப் போச்சு, இருந்தாலும் நல்லா இருக்கும்."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார். நானும் போட்டேன். எட்டு மாதமாக நாக்கில் எதுவும் உறைக்கவில்லை. இப்போது மிளகாய் சுரீரென்றது. கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாயால் மட்டும் இல்லை.

பயந்துருவாளாம். யார் பயந்தது? எத்தனை நாள் எத்தனை பேருக்கு ஆம்புலன்ஸ் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்? அவருடைய அப்பாவுக்கு முடியாமல் போனபோது தோளில் தாங்கி இறக்கியது யார்? மூன்று மாடி என்ன, முப்பது மாடி இறங்கியிருக்க மாட்டேனா? அந்த ஆறு நிமிடம் பின் இருக்கையில் உட்கார்ந்து அவர் கையையாவது பிடித்திருக்க மாட்டேனா? அதை எனக்குக் கொடுக்காமல் போக இவர் யார்? அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி மேலே மேலே வந்தது. அழுகை என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"பாவி மனுஷா! கீழ வந்து நின்னுட்டு, நான் கத்துறதையும் கேட்டுட்டு, சிரிச்சுட்டாய்யா போனே? ஒரு குரல் குடுத்தா என்ன? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? ஊருக்கெல்லாம் பிரேக் போடத் தெரியும், உனக்கு நிக்கத் தெரியாதா? கட்டினவ மேல நிக்கிறா, யாரோ ஒருத்தி கையப் பிடிச்சுக்கிட்டுப் போறியே, உனக்கே நல்லாருக்கா? வா, நீ வா, உன்னை என்ன பண்றேன்னு பாரு…"

மருந்துக்கடை அம்மா முள்கரண்டியைப் பாதி வழியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தொடர்ந்து சாப்பிட்டார். கீழ்மாடியில் யாரோ ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை.